இடது பக்கம், மூன்றாவது கட்டம்

இடது பக்கம், மூன்றாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அதே வரிசையில் வலது பக்கம் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், திரு. கதிரேசன், திருமதி. மங்கையர்க்கரசி, விளாத்திகுளம். அவர்களுக்கு மேலே அவர்கள் வீட்டுப் பெரியவர்கள், அதற்கும் மேலே மாப்பிள்ளையின் பெயரும் படிப்பும். இடது பக்கம் முதல் கட்டத்தில் என் மகள் தாரணி. இரண்டாவதில் என் மாமனாரும் மாமியாரும், இரண்டு பெயருக்கும் முன்னால் அமரர், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, இரண்டு பேர் மூச்சும் அடங்கியபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவதில் அவர் பெயர் வர வேண்டும், அதற்குக் கீழே என் பெயர். கர்சர் அங்கே நின்று துடிக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் மூன்று மணிக்குள் வேண்டும் என்று சிவகாசி அச்சகத்துக்காரர் சொல்லிவிட்டார். "எங்க ஆபரேட்டர் அடிச்சா பேரு மாறிரும் மேடம். நீங்கதான் கம்ப்யூட்டர் டீச்சராச்சே, டேபிளா போட்டு அனுப்பிருங்க, அப்படியே எடுத்துக்கிடுதோம்." டேபிளாகப் போடுவது சுலபம். இருபது வருஷமாக சாத்தூரில் இந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் அதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் டேபிளில் ஒரு கஷ்டம் இருக்கிறது. சாதாரணப் பக்கம் என்றால் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். டேபிளில் வலது பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இடது பக்கம் அதே உயரத்துக்கு ஒரு வெள்ளை இடம் இருந்தே தீரும். கோட்டை எடுத்துவிட்டாலும் வெள்ளை இடம் இருக்கும். யார் இங்கே இல்லை என்று பத்திரிகை வாங்குகிற ஒவ்வொருவரும் விரல் வைத்துக் காட்டலாம்.

என் வீட்டுக்காரர் குருநாதன் ஒரு மத்தியானம் வெளியே போனார், திரும்பி வரவில்லை. அப்போது தாரணி எட்டாம் வகுப்பு. இப்போது அவளுக்குக் கல்யாணம். இதற்கு மேல் அதில் கதை ஒன்றும் கிடையாது, யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்கிறேன், கேட்டவர்கள் இன்னும் ஏதோ இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். நேற்று சம்பந்தியம்மாள் போன் செய்தபோது முதலில் கொஞ்ச நேரம் புடவையைப் பற்றிப் பேசினாள். அப்புறம் குரல் இறங்கியது. "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. பத்திரிகையில ரெண்டுல ஒண்ணு தெளிவா இருந்துட்டா எங்களுக்கும் சொந்தக்காரங்க வாயை அடைக்கலாம். அமரர்னு போட்டா உங்க கொழுந்தனும் அவுக வீட்டம்மாவும் மேடையில நின்னு பொண்ணைத் தாரை வார்க்கட்டும். நீங்க கீழ முன் வரிசையில உக்காந்து கண் குளிரப் பாருங்க. போடலைன்னா நீங்களே நில்லுங்க. ஆள் வெளியூர்ல இருந்தா அவரு துண்டை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு அந்த அம்மாவே நிக்கலாம்னு எங்க ஐயர் சொல்றாரு." வெளியூர். நல்ல வார்த்தை. நான் சரி என்றேனா, யோசிக்கிறேன் என்றேனா, நினைவில்லை. அவர் துண்டு பீரோவில் அடித்தட்டில் இருக்கிறது. ஈரிழைத் துண்டு, ஓரத்தில் பச்சைக்கோடு. அதைத் தோளில் போட்டால் என்ன கனம் இருக்கும் என்று சோறு வடிக்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும் யோசித்துக்கொண்டே வந்தேன். தாரணியைக் கேட்டால் ஒரே பேச்சு. "எனக்கு நீ மேடையில நிக்கணும்மா. சித்தப்பா சித்தி நிக்கக் கூடாதுன்னு இல்ல, நீ நிக்கணும். அப்பா பேரை எப்படி வேணா போட்டுக்கோ." எப்படி வேண்டுமானாலும் போட முடியாதே. போடுகிற விதத்தில்தான் மேடை இருக்கிறது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நடந்ததை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அது வேலை செய்கிற வழக்கத்தால் வந்தது. கட்டத்துக்குக் கட்டம் எழுத்தின் அளவு மாறாமல் இருக்க, மேல் கட்டத்தை அப்படியே காப்பி செய்து கீழே ஒட்டிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றுவேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாமனார் மாமியார் கட்டத்தை எடுத்து மூன்றாவதில் ஒட்டினேன். ஆறுமுகம் என்ற பெயரை அடித்து குருநாதன் என்று போட்டேன். இசக்கியம்மாளை அடித்து சண்முகக்கனி என்று என் பெயரைப் போட்டேன். முன்னால் இருந்ததைக் கவனிக்கவில்லை. பார்த்தால், அமரர் குருநாதன். அதற்குக் கீழே அமரர் சண்முகக்கனி. என் பெயருக்கு முன்னால் இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, உடனே அழித்துவிட்டேன். அவர் பெயருக்கு முன்னால் இருந்ததை உடனே அழிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே மின்விசிறி சுற்றுகிறது, தெருவில் பழைய பேப்பர்க்காரன் குரல் போகிறது, தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து கரியும் கந்தகமும் கலந்த வாடை ஜன்னலில் வந்துபோகிறது, நான் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அழுகை வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை. அதற்குப் பதில் தோள் இரண்டும் கீழே இறங்கின. குடத்தை இறக்கி வைத்த மாதிரி. அதுதான் பயமாகப் போய்விட்டது. சட்டென்று அந்த வார்த்தையை அழித்தேன், அப்புறம் பெயரையும் அழித்தேன், என் பெயரையும் அழித்தேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமரர் என்று நான் டைப் செய்யவில்லை, தானாக ஒட்டிக்கொண்டு வந்தது. இதை யாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அறையில் யாரும் இல்லை.

பிள்ளைகளுக்கு நான் ஒரு கூத்துச் சொல்லிக்கொடுப்பேன். முன்பு. ஒரு வரிசையை முழுசாகப் பிடித்துக்கொண்டு டெலீட் அடித்தால் உள்ளே இருக்கிற எழுத்து மட்டும்தான் போகும், கட்டம் அப்படியே நிற்கும். பேக்ஸ்பேஸ் அடித்தால் வரிசையே போய்விடும், கீழே இருப்பது மேலே ஏறிக்கொள்ளும். பரீட்சையில் எல்லோரும் இதில்தான் தப்பு செய்வார்கள். அதனால் சொல்வேன், "டெலீட் அடிச்சா ஆள் போவான், வீடு நிக்கும். பேக்ஸ்பேஸ் அடிச்சா ஆளும் வீடும் சேந்து போகும். எதை அடிக்கணும்னு யோசிச்சு அடிங்க." வகுப்பே சிரிக்கும். அவர் போனதற்குப் பிறகு ஒரு நாள் வாயில் பாதி வந்துவிட்டது. ஆள் போவான் என்பது வரைக்கும் வந்துவிட்டது. முன் வரிசையில் ஒரு பெண் என் நெற்றியைப் பார்த்தாள், பொட்டைத்தான், உடனே கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு நிறுத்தியது. போன மாதம் பழைய மாணவி ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்துக்கொண்டாள், இடுப்பில் பிள்ளை. "மேடம், எனக்கு எல்லாம் மறந்துபோச்சு, டெலீட் அடிச்சா ஆள் போவான் மட்டும் மறக்கல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இப்ப அதைத்தான் சொல்றாக." அவளுக்கு விஷயம் தெரியாது. நானும் சேர்ந்து சிரித்தேன். எங்கேயோ ஒரு ஆபீசில் யார் யாரோ என் வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். நடப்பதற்கு முன்னாலேயே நான் சொல்லிவைத்துவிட்ட கதை. அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாது. வார்த்தைக்கு அந்த மாதிரி சக்தி எதுவும் கிடையாது. கிடையாது என்றால் இந்தக் கட்டத்தில் ஒரு வார்த்தையைப் போட ஏன் கை வரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டார். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. இரண்டாம் தடவை சோறு கேட்டார். கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்து, துண்டைக் கொடியில் போட்டார். சட்டை மாட்டினார். வாசலில் செருப்பைத் தேடும்போது உள்ளே பார்த்து, "பாலுக்கு உறை ஊத்திட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். சண்டை இல்லை. ஊரில் யாரோடும் வம்பு இல்லை. பெயின்ட் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், சாயந்தரம் கடைக்கு வந்துவிடுவதாகச் சொல்லித்தான் சாப்பிட வந்திருக்கிறார். பாலுக்கு உறை ஊற்றுவதைப் பற்றி அதற்கு முன்னால் அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, தயிர் தட்டில் இருந்தால் சாப்பிடுவார், இல்லையென்றால் இல்லை. அன்றைக்கு ஏன் கேட்டார்? நான் என்ன பதில் சொன்னேன்? போலீஸ் ஸ்டேஷனில் இதைக் கேட்டார்கள். "கடைசியா என்னம்மா பேசினாரு?" உறை ஊத்திட்டியான்னு கேட்டாரு. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். "நீ என்ன சொன்ன?" ஊத்திட்டேன் என்றேனா, சாயந்தரம்தான் என்றேனா, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேனா. அடுப்படியில் குழாய் திறந்திருந்தது, தண்ணீர்ச் சத்தத்தில் அவர் குரல் கேட்டது, அது வரைக்கும் தெளிவாக இருக்கிறது, அதற்கு அடுத்தது கேட் தாழ் விழுகிற சத்தம். நடுவில் இருக்கிற இடத்தில் எதுவும் இல்லை. எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் இல்லை. பழனியில் மொட்டைத் தலையோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஓசூரில் ஓட்டலில் பில் போடுகிறார் என்றார்கள். என் கொழுந்தன் பால்வண்ணன் ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறிப் போய் வந்தான். ஓசூர் ஆள் இவரைவிட உயரமாம், ஆனால் சிரிக்கும்போது அண்ணன் மாதிரியே இருந்தது மதினி என்று சொல்லிவிட்டு, தின்பண்டப் பையைத் தாரணி கையில் கொடுத்துவிட்டுப் போனான். பிறகு யாரும் எங்கேயும் பார்க்கவில்லை.

கேட்டை நாங்கள் தாழ் போடுவதில்லை. மாமியார் சொன்னது அது. "அவன் வந்து நின்னா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது." அவர் வரும்போது தாழைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு தடவை ஆட்டுவார், கேட் திறந்தே இருந்தாலும் இரண்டு தடவை ஆட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஏன் என்று கேட்டால் சும்மா என்பார். மாமியார் போன பிறகும் தாழ் போடவில்லை. பக்கத்து வீட்டு ஆடுகள் உள்ளே வந்து முருங்கைக் கன்றையும் செம்பருத்தியையும் தின்றுவிட்டுப் போகும். தாரணி கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவாள், ஆனால் அவளும் கேட்டைச் சாத்துவாளே தவிர தாழ் போட மாட்டாள். ஆட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய் ரொம்ப நாள் ஆயிற்று. காற்றடித்தால் தாழ் ஆடும். ஒரு தடவை ஆடும், மூன்று தடவை ஆடும். நான் எண்ணுவேன். எண்ணக் கூடாது என்று காதைத் திருப்பிக்கொண்டாலும் உள்ளே ஏதோ எண்ணிவிடும். இரண்டு ஆடினால் கையில் இருப்பது அப்படியே நின்றுவிடும், கரண்டியோ சீப்போ. அப்புறம் மூன்றாவது ஆடும், வேலை தொடரும். மற்ற வீட்டு விசேஷங்களில் குங்குமத் தட்டு வரிசையாக வரும்போதும் இப்படித்தான். என் முன்னால் வந்ததும் தட்டு சின்னதாக நிற்கும். பிடித்திருக்கிற பெண் தட்டைப் பார்ப்பாள், என் நெற்றியைப் பார்ப்பாள், அதற்குள் நானே கையை நீட்டி எடுத்துக்கொள்வேன். அந்த நிற்றல் இருக்கிறதே, அதில்தான் இத்தனை வருஷமும் குடியிருந்தேன் என்று தோன்றுகிறது. அமரர் என்று போட்டுவிட்டால் தட்டு நிற்காது, தாண்டிப் போய்விடும். அதுகூட நிம்மதிதானோ.

போன் அடிக்கிறது. பால்வண்ணன். "மதினி, பிரஸ்ஸுக்கு அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்ல."

"என்ன மதினி, ஒரு வார்த்தைதான. நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"போட்டுருங்க. அண்ணன் இருந்தா இத்தன வருஷத்துல ஒரு போன் போடாதா? நம்ம தாரணிக்குக் கல்யாணம்னு தெரிஞ்சா வராதா? நாங்க மேடையில நிக்கணும்னு சொல்லல. எங்க வீட்டுல அவதான் 'நமக்கு எதுக்கு, அக்கா நிக்கட்டும்'ங்கா. ஆனா போடாம விட்டா மண்டபத்துல ஒவ்வொருத்தனும் என்கிட்ட வந்து 'உங்க அண்ணன் எங்க'ம்பான். என்ன சொல்ல? வெளியூருங்கவா?"

"உங்களுக்கு எப்படித் தோணுது? இருக்காரா?"

ரோட்டில் நிற்கிறான் போல, லாரி போகிற சத்தம் கேட்டது. "சில நாள் இருக்குன்னு தோணுது. மழை பெய்தா தோணுது. ஏன்னு கேக்காதீங்க." பிறகு, "நீங்க எப்படிப் போட்டாலும் எனக்குச் சம்மதம் மதினி. மூணு மணிக்குள்ள போட்டுருங்க."

பெயரை மறுபடியும் டைப் செய்தேன். திரு. குருநாதன். கீழே திருமதி. சண்முகக்கனி. இரண்டையும் ஒரே கட்டத்தில் வைப்பதா, கட்டத்தைப் பிரித்து இரண்டாக்குவதா என்று பார்த்தேன். பிரித்தால் நடுவில் ஒரு கோடு வருகிறது. கோட்டை எடுத்துவிட்டேன், திரையில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தது, அச்சில் தெரியாது. மறுபடி சேர்த்தேன். அப்போது கரண்ட் போயிற்று. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது, நல்ல பேட்டரி என்றால் கொஞ்ச நேரம் தாங்கும், இது பழசு, நான்கு தடவை கத்திவிட்டு அடங்கிவிட்டது. திரை கறுத்தது. அதில் என் முகம். நெற்றியில் பொட்டு இருக்கிற இடம் கறுப்பில் தெரியவில்லை, வெறும் முகம் மட்டும் தெரிந்தது. மின்விசிறி வேகம் குறைந்து குறைந்து நின்றது. இத்தனை கம்ப்யூட்டர்களும் அணைந்து கிடக்கிற கூடத்தில், ஒவ்வொரு திரையிலும் ஜன்னல் வெளிச்சம் ஒரு துண்டு. யாராவது கதவருகில் வந்து நின்றால் எல்லாத் திரையிலும் நிற்பார்கள். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. சேவ் செய்தோமா என்று யோசித்தேன். செய்யவில்லை. சேவ் பண்ணாமல் எழுந்திருக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் தொண்டை வலிக்கக் கத்துகிற ஆள்.

கரண்ட் வந்தது. மெஷின் மெதுவாக எழுந்தது. வேர்டைத் திறந்ததும் இடது ஓரத்தில் அந்தப் பட்டி வந்தது, நீங்கள் மூடாமல் விட்ட கோப்பு இது, வேண்டுமா என்று. அழுத்தினேன். டேபிள் வந்தது. இடது பக்கம், மூன்றாவது கட்டம். அமரர் குருநாதன்.

நான் அழித்தது. அழித்துவிட்டு வேறு போட்டது. போட்டது வரவில்லை, அழித்தது வந்து உட்கார்ந்திருக்கிறது. இதில் பேய் பிசாசு ஒன்றும் இல்லை, எனக்கே தெரியும், வகுப்பில் சொல்லியிருக்கிறேன், அது இடையிடையே தானாக ஒரு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளும், எந்த நேரத்தில் எடுத்ததோ அந்த நேரத்தில் பக்கம் எப்படி இருந்ததோ அப்படித்தான் திரும்பக் கொடுக்கும். ஆனால் அந்த நேரம் அதற்கு எப்படிக் கிடைத்தது? கண் மூடித் திறக்கும் நேரம்தான் இருந்தது என்றால் அதன் கையில் சிக்கியிருக்காது. சிக்கியிருக்கலாம், தற்செயலாக. இல்லை. நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னைவிட மெஷினுக்கு அது தெரிந்திருக்கிறது. சரி, கேட்டுவிடு, யாரும் இல்லை, கேள். அவர் செத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா? இல்லை. சத்தியமாக இல்லை. அவர் எங்கேயோ ஒரு ஊரில் இரண்டாம் தடவை சோறு கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். நல்ல துண்டில் கை துடைக்கட்டும். இருக்கட்டும். வரக் கூடாது. அவ்வளவுதான். வந்து வாசலில் செருப்பைக் கழற்றி, எதுவும் நடக்காத மாதிரி உள்ளே பார்த்து, உறை ஊத்திட்டியா என்று கேட்கக் கூடாது. தாரணி அவர் முகத்தைப் பார்த்து யார் என்று யோசிக்கிற அந்த நொடியை நான் பார்க்கக் கூடாது. எந்தக் கட்டிலில் படுப்பார், எந்தத் தட்டில் போடுவேன், என்ன கேட்பேன், கேட்காமல் எப்படி இருப்பேன். மாமியாருக்காகத் திறந்துவைத்திருந்த கேட், பிறகு ஊருக்காகத் திறந்திருந்தது, பிறகு வழக்கத்தில். இரண்டு தடவை தாழ் ஆடும்போது கையில் கரண்டி நின்றது ஆசையால் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் சைக்கிள்கள் வந்து சாய்கிற சத்தம். மூன்று மணி பேட்ச். இன்றைக்கு அவர்களுக்கும் டேபிள்தான். சீக்கிரம். அமரர் போட்டபடி அனுப்பினால் அவர் வர மாட்டார், செத்தவர் வருவதில்லை, தட்டு தாண்டிப் போகும், நான் முன் வரிசையில் உட்கார்ந்து என் மகள் கையை வேறொருவர் பிடித்துக் கொடுப்பதைப் பார்ப்பேன். எடுத்துவிட்டு அனுப்பினால் நான் மேடையில் நிற்பேன், பச்சைக்கோட்டுத் துண்டு தோளில், ஆனால் எண்ணூறு பத்திரிகையில் அவர் உயிரோடு இருப்பார், ஊர் ஊராகப் போவார், பஸ்ஸில் யாரோ பிரித்துப் படிப்பார்கள், பக்கத்து சீட்டில் இருந்து அவர் எட்டிப் பார்ப்பார், தன் பெயரைத் தானே படிப்பார், கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். இரண்டில் எது என்று யோசிக்க இனி நேரம் இல்லை. அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் கர்சரை வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். திரு. என்று போட்டேன். கீழே என் பெயருக்கு முன்னால் திருமதி. என்று சேர்த்தேன். டேபிள் முழுவதையும் பிடித்து எல்லாக் கோட்டையும் எடுத்தேன். சேவ் செய்தேன். மறுபடியும் சேவ் செய்தேன். அனுப்பினேன்.

"மேடம், வரலாமா?" என்று கதவில் ஒரு பெண் நின்றாள்.

"உக்காருங்க, வாரேன்." போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனேன். தாரணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அனுப்பிட்டியாம்மா?"

"அனுப்பிட்டேன். திரு.ன்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நீ மேடையில நிப்ப."

"நிப்பேன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. சந்தோஷமா அழுகையா தெரியவில்லை. "சரிம்மா. வச்சிரட்டா?"

"வைக்காத. வீட்டுலதான இருக்க? போய் கேட்டைத் தாழ் போடு."

"கேட்டையா? எதுக்கு?"

"ஆடு வருது."

"ஆடா? நம்ம தெருவுல இப்ப ஏதும்மா ஆடு?"

"போடுன்னா போடேன்."

அவள் நடந்தாள். செருப்புச் சத்தம், வராந்தா, மண், கேட் கீல். "தாழ் விழுற ஓட்டை துருப்பிடிச்சுக் கிடக்கும்மா. உள்ள இறங்கவே மாட்டேங்குது."

"கல்லை வச்சுத் தட்டு."

தட்டினாள். ஒன்று. இரண்டு. பிறகு சத்தம் இல்லை. உள்ளே கூடத்தில் பிள்ளைகள் மெஷினை ஆன் செய்கிற கிளிக் கிளிக். மாடிப்படிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"தாரணி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தாரணி, யாரு?"

"யாரும் இல்லம்மா. கல்லு கைநழுவிருச்சு." இன்னொரு தட்டு. இரும்பு இரும்பில் உரசி இறங்குகிற சத்தம், அந்த வீட்டில் நான் மறந்தே போயிருந்த சத்தம். "விழுந்துருச்சும்மா."